சின்னப் பிள்ளைங்களுக்கு டிசைன் அண்ட் டெக்னாலஜி: ஒரு அட்டைப் பெட்டில இருந்து

தாராவில 90 அடி ரோடு பக்கம் ஒரு ரூம்ல சனிக்கிழமை காலைல பிள்ளைங்களோட உக்காருறேன். மூணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் படிக்கிறவங்க, பத்துப் பன்னெண்டு பேர் வருவாங்க, பாதிப் பேர் வீட்ல திருநெல்வேலித் தமிழ், வாசலத் தாண்டினா ஹிந்தி. என்னக்கா சொல்லிக் குடுக்குறீங்கன்னு அவங்க அம்மாங்க கேட்டா டிசைன் அண்ட் டெக்னாலஜின்னு சொல்வேன், உடனே "கம்ப்யூட்டரா?"ன்னு கேப்பாங்க, இல்லன்னு சொன்னதும் "ஓ, கிராஃப்ட்டா"ன்னு அவங்களே முடிச்சிருவாங்க. ரெண்டுமே இல்ல, ரெண்டுக்கும் நடுவுல ஒரு பெரிய விஷயம் யார் கண்லயும் படாம கிடக்கு, அத ஆரம்பத்துல இருந்து எழுதிடணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன்.

மொதல்ல டெக்னாலஜிங்கற வார்த்தை. புதுசா வர்ற பிள்ளைங்க முன்னாடி பாயில கொஞ்சம் சாமான் பரப்பி வைப்பேன், துணி கிளிப், ஊக்கு, முறுக்கு அச்சு, பழைய மொபைல், ஒரு குடை, ஒரு கூழாங்கல், ஒரு மாங்காய். இதுல டெக்னாலஜி எதுன்னு கேட்டா எல்லாக் கையும் மொபைலத்தான் காட்டும். அப்புறம் "கல்லு, மாங்காய் ரெண்டையும் தள்ளி வச்சிரலாம், அது தானா வந்தது, மிச்சம் இருக்குறதெல்லாம் யாரோ ஒருத்தர் ஒரு கஷ்டத்துக்காக யோசிச்சு செஞ்சது"ன்னு சொல்லிட்டு துணி கிளிப்பக் கழட்டிக் குடுப்பேன். ரெண்டு கட்டை, நடுவுல ஒரு ஸ்பிரிங், அவ்ளோதான். அத திரும்ப மாட்டச் சொன்னா அரை மணி நேரம் ஓடிரும், அந்த அரை மணி நேரத்துல நெம்புகோல்னா என்ன, ஸ்பிரிங் ஏன் வேணும், எந்தப் பக்கம் அழுத்தினா எந்தப் பக்கம் தெறக்கும்னு கை கத்துக்கும், வாய் அப்புறமா சொல்லும். முறுக்கு அச்சுல திருகுற டைப் ஒண்ணு, கையால அழுத்துற டைப் ஒண்ணு, எது ஈஸின்னு கேட்டா வீட்ல போய் ஆச்சிகிட்ட கேட்டுட்டு வருவாங்க.

பொருள் மட்டும்தான் டெக்னாலஜின்னும் இல்ல. மும்பைல வீட்டுச் சாப்பாட்ட ஆபீஸுக்குக் கொண்டு போய்க் குடுக்குற டப்பாவாலாங்க, டப்பா மூடில போடுற கலரும் நம்பரும் எழுத்தும் எந்த ஸ்டேஷன், எந்த பில்டிங், எந்த மாடின்னு சொல்லிரும், அதுவும் ஒருத்தர் யோசிச்சு உண்டாக்குன டிசைன்தான். நாலாவது படிக்கிற பிள்ளைகிட்ட, "நம்ம ரூம்ல பன்னெண்டு செருப்பு கலந்து போகுது, என்ன அடையாளம் வைக்கலாம்?"னு கேட்டுப் பாருங்க, ஒரு கிளாஸே நடத்திரலாம்.

இப்போ கிராஃப்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம். கிராஃப்ட் கிளாஸ்ல டீச்சர் ஒரு பேப்பர் பூ செஞ்சு காட்டுவாங்க, முப்பது பிள்ளைங்க அதே பூவ செய்வாங்க, எது டீச்சரோடது மாதிரி அச்சா இருக்கோ அதுக்கு ஸ்டார். கைக்கு நல்ல பழக்கம், நான் வேணாம்னு சொல்லல, கத்தரிக்கோல் புடிக்கத் தெரியாம எதையும் செய்ய முடியாது. ஆனா அதுல அந்தப் பிள்ளை எந்த முடிவும் எடுக்கல. பூ யாருக்கு, எதுக்கு, எவ்ளோ பெருசு, கிழிஞ்சா என்ன பண்றது, இதெல்லாம் டீச்சர் ஏற்கனவே முடிவு பண்ணிட்டாங்க. டிசைன்னு சொன்னா அந்த முடிவையெல்லாம் பிள்ளை கைல குடுக்குறது, முப்பது பேர் செஞ்சா முப்பது விதமா வரணும், ஒரே மாதிரி வந்தா எங்கயோ நான் அதிகமா பேசிட்டேன்னு அர்த்தம்.

ஒரு உதாரணம் சொல்றேன். வீட்ல இருக்குற ஒருத்தருக்கு உபயோகமா ஒரு பெட்டி செய்யணும்னு ஒரு தடவை வேலை குடுத்தேன். நாலாவது படிக்கிற ஒரு பொண்ணு அவ ஆச்சிக்கு கண்ணாடி வைக்கிற பெட்டி செய்றேன்னு சொன்னா, ஏன்னா ஆச்சி கண்ணாடிய தலகாணிக்கடில வச்சு ஏற்கனவே ஒண்ணு ஒடஞ்சிருச்சு. சோப்பு அட்டைய வெட்டி உள்ள பஞ்சு வச்சு மூடி போட்டு மேல பளபளா பேப்பர் ஒட்டி ரொம்ப அழகா செஞ்சிருந்தா. அடுத்த சனிக்கிழமை மொகம் வாடி வந்தா. ஆச்சிக்கு விரல் வலி, மூடி டைட்டா இருக்கு, தெறக்க முடியல, அதனால பெட்டி அலமாரில இருக்கு, கண்ணாடி திரும்ப தலகாணிக்கடில. நான் மூடிய லூஸ் பண்ணுன்னு சொல்லிருக்கலாம், சொல்லல, "ஆச்சி கை எப்படி தெறக்கப் பாத்துச்சு, செஞ்சு காட்டு"ன்னு மட்டும் கேட்டேன். அவ ஆச்சி மாதிரி விரல மடக்காம உள்ளங்கையால தள்ளிக் காட்டுனா, காட்டும்போதே அவளுக்கே புரிஞ்சிருச்சு, விரல் நுனியால புடிச்சு இழுக்குற மாதிரி எதுவுமே இருக்கக் கூடாது. ரெண்டாவது பெட்டில மூடியே இல்ல, சைடுல தொறந்த பை மாதிரி, ஒரு பெரிய ரிப்பன் வளையம், அதுக்குள்ள மூணு விரல விட்டு இழுத்தா கண்ணாடி ஒரு அட்டைத் தட்டோட வெளிய வரும். பாக்க மொதப் பெட்டி அளவு அழகு இல்ல. ஆனா ஆச்சி அதத்தான் யூஸ் பண்றாங்க.

இதுக்குள்ளேயே மொத்தப் பாடமும் இருக்கு. யாருக்குன்னு கேக்குறது, யோசிக்கிறது, செய்றது, அந்த ஆள் கைல குடுத்துப் பாக்குறது, திரும்ப செய்றது. நம்ம ஸ்கூல்ல பெரும்பாலும் மொத ரெண்டு மூணோட நின்னுருது, மார்க் போட்டு ஷோகேஸ்ல வச்சிருவோம். என் அனுபவத்துல ரெண்டாவது தடவ செய்றதுலதான் பிள்ளைங்க நெஜமா கத்துக்குறாங்க, அதனால டைம் கம்மியா இருந்தா மூணு ப்ராஜெக்ட்ட ஒண்ணாக் குறைங்க, ஆனா அந்த ஒண்ண ரெண்டு தடவ செய்ய விடுங்க.

இது ஏதோ புது ஃபேஷன்னு நெனைக்காதீங்க. இங்கிலாந்துல 1990லயே டிசைன் அண்ட் டெக்னாலஜிய தேசியப் பாடத்திட்டத்துல தனி சப்ஜெக்ட்டா கொண்டுவந்துட்டாங்க, அஞ்சு வயசுப் பிள்ளைங்கள்ல இருந்து. இப்போ அங்க இருக்குற பாடத்திட்டமும் டிசைன் பண்றது, செய்றது, செஞ்சத எடை போட்டுப் பாக்குறது, அதுக்கு வேண்டிய தொழில்நுட்ப அறிவுன்னு நாலு பாகமாத்தான் போகுது, கூடவே சமையலும் சத்துணவும். நம்ம ஊர்ல இன்னும் முன்னாடியே, 1937ல வார்தால காந்தி கைத்தொழில் வழியா படிப்புன்னு நயி தாலீம ஆரம்பிச்சாரு. அப்புறம் எழுபதுகள் கடைசில எஸ்யூபிடபிள்யூ, அதாவது சமூகத்துக்குப் பயன்படுற கைவேலைன்னு ஒரு பாடம் வந்துச்சு, நம்மள்ல நெறைய பேர் அந்தப் பீரியட்ல குரோஷா பின்னிட்டு, மெழுகுவர்த்தி ஊத்திட்டு வந்தவங்க. 2016ல இருந்து வர்ற அடல் டிங்கரிங் லேப், அதாவது பிள்ளைங்க தாங்களே செஞ்சு பாக்க அரசாங்கம் ஸ்கூல்ல அமைக்கிற கூடம், ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும்தான். 2020 தேசியக் கல்விக் கொள்கைல சொன்ன, புத்தகப் பை இல்லாம கைத்தொழில் பழகுற பத்து நாளும் ஆறுல இருந்து எட்டு வரைக்கும். அப்போ எட்டு வயசுப் பிள்ளைக்கு? கை துருதுருன்னு இருக்குற வயசே அதுதான், அந்த வயசுக்கு ஒண்ணும் இல்லன்றதுதான் எனக்கு ஆத்தாமை.

மும்பைலயே மான்குர்த்ல ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கு, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தோட (டிஐஎஃப்ஆர்) சேந்தது. அங்க இருக்குறவங்க நடுநிலைப் பள்ளிப் பிள்ளைங்களுக்காக டிசைன் அண்ட் டெக்னாலஜி யூனிட் செஞ்சு ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, ஒண்ணு பை தைக்கிறது, ஒண்ணு பாரம் தூக்குற காற்றாலை மாடல், ஒண்ணு பொம்மலாட்டப் பொம்மை. மூணையும் பாருங்க, துணி, மெஷின், கதை, எல்லாப் பிள்ளைக்கும் ஏதோ ஒரு வாசல் தெறக்குது. நான் அதுல இருந்து எடுத்துக்கிட்டது ஒரே ஒரு விஷயம்தான், ரோபோ இல்லாமலே ஆரம்பிக்கலாம்.

சரி, எதுல ஆரம்பிக்கிறது? நான் ஸ்ட்ரக்சர்ல ஆரம்பிப்பேன், அதாவது ஒரு பொருள் எப்படி சாயாம, மடங்காம, உடையாம நிக்குதுங்கறது. செலவு ஒண்ணும் இல்ல. ரெண்டு பக்கம் நாலு நாலு புத்தகத்த அடுக்கி நடுவுல ஒரு சாண் இடைவெளி விட்டு ஒரு ஏ4 பேப்பர பாலம் மாதிரி போடச் சொல்லுங்க. ஒரு ரூபாய் காயின் வச்சாலே தொங்கிரும். இதே பேப்பர்தான், வேற எதுவும் தர மாட்டேன், பாலம் ஸ்ட்ராங்கா ஆகணும்னு சொல்லிட்டு சும்மா உக்காந்துருங்க. ஒருத்தன் ரெண்டா மடிப்பான், ஒருத்தி சுருட்டுவா, ஒருத்தன் ஓரத்த மட்டும் மேல மடக்கி தண்டவாளம் மாதிரி ஆக்குவான், யாராவது ஒருத்தர் விசிறி மாதிரி மடிப்பு மடிப்பா மடிச்சு வைப்பாங்க, அதுல காயின் அடுக்க அடுக்கத் தாங்கும், கத்தல் எழும்பும். ஆனா ஒரு கட்டத்துல அந்த மடிப்பு விரிஞ்சு படுத்துரும். ஏன் விழுந்துச்சுன்னு கேட்டா வெயிட்டு ஜாஸ்தின்னு சொல்வாங்க, இல்ல, உன்னிப்பா பாருன்னு திரும்ப காயின் வைக்கச் சொன்னா மடிப்பு ரெண்டு பக்கமும் நழுவி அகலமாகுறது தெரியும். அது நழுவாம இருக்க மேலயும் கீழயும் ஒரு பேப்பர் ஒட்டலாம்னு பிள்ளைங்க சொல்ற நிமிஷத்துல மளிகைக் கடை அட்டைப் பெட்டி ஒண்ண எடுத்து ஓரத்தக் கிழிச்சுக் காட்டுவேன். ரெண்டு பேப்பருக்கு நடுவுல அதே மடிப்பு, அலை அலையா. பெட்டிக்காரங்க நம்மளப் பாத்து காப்பி அடிச்சிட்டாங்கன்னு ஒருத்தன் சொன்னான். அந்த அலை எந்தப் பக்கம் ஓடுதோ அதுக்குக் குறுக்க அட்டைய மடிக்கிறது கஷ்டம், அதனால தூணா நிக்க வைக்கும்போது அலை மேலயும் கீழயுமா ஓடணும்னு அவங்களே வெட்டிப் பாத்துக் கண்டுபுடிப்பாங்க.

முக்கோணமும் இதுலயே வந்துரும். அரவிந்த் குப்தான்னு ஒருத்தர், ஐஐடி கான்பூர்ல படிச்சவர், 1978ல மத்தியப் பிரதேசத்துல ஹோஷங்காபாத் பள்ளி அறிவியல் திட்டத்துல வேலை பாக்கப் போனப்போ தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வச்சு மாடல் செஞ்சு காட்டுனாரு, 2018ல பத்மஸ்ரீ கெடச்சுது. மருந்து சுரண்டுன நாலு குச்சிய வால்வ் டியூப் துண்டால சேத்து சதுரம் செஞ்சா தள்ளுனா சாஞ்சு போகும், மூணு குச்சில முக்கோணம் செஞ்சா என்ன தள்ளுனாலும் அசையாது. இத செஞ்ச பிள்ளைய ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் நடைபாலத்தப் பாக்கச் சொல்லுங்க, அது ரயிலப் பாக்காது, இரும்புல எத்தன முக்கோணம்னு எண்ணிட்டு இருக்கும்.

அடுத்தது அசையுற பொருள். பிள்ளைங்க எல்லாருக்கும் வண்டி செய்யணும், எல்லார் வண்டியும் மொதல்ல ஓடாது, காரணம் எப்பவும் ஒண்ணுதான். பாட்டில் மூடிய குச்சில ஒட்டி, குச்சியையும் பெட்டில ஒட்டிருவாங்க. ரெண்டும் ஒட்டிட்டா எது சுத்தும்? ஒண்ணு குச்சி சக்கரத்தோட சேந்து சுத்தணும், இல்ல குச்சி நிக்கணும் சக்கரம் மட்டும் சுத்தணும், ரெண்டுல ஒண்ணு. மொத வழிக்கு குச்சி போக ஒரு குழாய் வேணும். முன்னாடி ஸ்ட்ரா போடுவோம், 2022 ஜூலைல இருந்து பிளாஸ்டிக் ஸ்ட்ரா தடை, இப்போ பழைய பேனாவோட கூட்ட அறுத்து வைக்கிறோம், இல்லனா பேப்பரயே சுருட்டி குழாய் பண்றோம், அது இன்னும் நல்ல வேலை, பிள்ளையே செஞ்ச குழாய். மூடில ஓட்டை போடுறது மட்டும் நான்தான் செய்வேன், காம்பஸ் முனை வழுக்கி விரல்ல ஏறிரும்.

ஓட்டை நடுவுல விழலன்னா வண்டி குதிச்சுக் குதிச்சுப் போகும். அத தப்புன்னு தூக்கிப் போடாதீங்க, ப்ளீஸ். அந்த நொண்டிச் சக்கரத்த ஒரு பெட்டிக்குள்ள வச்சு, அது மேல ஒரு குச்சிய நிக்க வச்சு, குச்சி மேல ஒரு பறவைய ஒட்டி, வெளிய இருந்து சுத்துனா பறவை எழும்பி எழும்பி உக்காரும். இதுக்குப் பேரு கேம் (cam, விளையாட்டு கேம் இல்ல), நம்ம தையல் மெஷினுக்குள்ளயும் பைக் இன்ஜினுக்குள்ளயும் இருக்குறது. போன வருஷம் ஓட்டை தப்பாப் போட்ட வண்டியில இருந்துதான் எங்க ரூம்ல மொத கேம் பொம்ம வந்துச்சு, அன்னைக்கு அந்தப் பையன் மூஞ்சியப் பாத்திருக்கணும்.

இதுக்கு முன்னாடி ரெண்டாவது, மூணாவது பிள்ளைங்களுக்கு அட்டைல தள்ளி இழுக்குற படம் போதும், மேகத்துக்குப் பின்னாடி இருந்து சூரியன் வர்ற மாதிரி, இல்ல ப்ரெஸ் பட்டன் ஒண்ணு வச்சு தும்பிக்கையத் தூக்குற யானை. சமையலும் சேத்துக்கலாம், பேல் பூரி கலக்குறதுல புளிப்பு எவ்ளோ, கரகரப்பு எவ்ளோ, எப்ப நமத்துப் போகுதுன்னு பாக்குறதே டெஸ்டிங். துணிக்கு ஓட்டுத்தையல் தெரிஞ்சா ஒரு பை வந்துரும். கரண்ட்ட பொறுத்தவர பென்சில் செல், டார்ச் பல்பு, அவ்ளோதான், ப்ளக் பாயின்ட் பக்கமே போகக் கூடாது. பட்டன் செல் வேணவே வேணாம், வீட்ல சின்னத் தம்பி தங்கச்சி இருப்பாங்க, முழுங்கிட்டா தொண்டையையும் உணவுக் குழாயையும் அரிச்சுரும், உயிருக்கே ஆபத்து.

படம் வரையறதப் பத்தி ஒண்ணு சொல்லணும். செய்றதுக்கு முன்னாடி டிசைன வரைஞ்சுட்டு வான்னு எல்லாரும் சொல்றோம், எட்டு வயசுப் பிள்ளை அழகா ஒரு வண்டி வரைஞ்சு மேல சூரியனும் மலையும் போட்டு கலர் அடிச்சுட்டு வரும், அப்புறம் செய்யும்போது அந்தத் தாள திரும்பிக் கூடப் பாக்காது. தப்பு பிள்ளை மேல இல்ல, அட்டை எவ்ளோ மடங்கும், பசை எப்போ காயும்னு தெரியாம என்னத்த வரையும்? அதனால நான் வரிசைய மாத்திட்டேன், மொதல்ல அரை மணி நேரம் அட்டைய வெட்டி மடிச்சுக் கிழிச்சு விளையாடட்டும், அப்புறம் வரையட்டும். வரையும்போது கலர் கெடையாது, பென்சில் மட்டும், சைடுல இருந்து பாத்தா எப்படி, உள்ள என்ன இருக்கு, எது எதோட எப்படி ஒட்டுது, எத்தன சென்டிமீட்டர். "உன் படத்தப் பாத்து உன் ஃப்ரெண்ட் செய்யணும்"னு சொன்னா போதும், தாள் நெறைய அம்புக்குறியும் நம்பரும் வந்துரும்.

டீச்சர் வேலைல ரொம்பக் கஷ்டமானது கைய மடில வச்சுக்கறதுதான். கத்தரிக்கோல வாங்கி நாமளே வெட்டிக் குடுத்துறத் தோணும். அதுக்குப் பதிலா கேள்வி கேளுங்க, எங்க சாயுது, எப்ப சாயுது, எதத் தொட்டா நிக்குது. எடது கைக்காரப் பிள்ளைக்கு எடது கை கத்தரிக்கோல் ஒண்ணு வாங்கி வைங்க, இல்லனா அது கை வேலையே வராதுன்னு முடிவு பண்ணிரும். ஸ்க்ரூ டிரைவரும் சுத்தியும் ஆம்பளப் பிள்ளைங்க கைக்குத் தானா போயிரும், ஊசியும் நூலும் பொம்பளப் பிள்ளைங்க கைக்கு, நீங்க கவனிச்சு மாத்திக் குடுக்கணும், தானா மாறாது. சூடான க்ளூ கன் பிள்ளைங்க கைல வேணாம், ஃபெவிகாலும் பொறுமையும் போதும், காயுற வரைக்கும் துணி கிளிப் போட்டு வைக்கலாம்.

அப்புறம் அம்மா அப்பாங்களுக்கு. எங்க வீட்டுப் பிள்ளை படிச்ச ஒரு ஸ்கூல்ல எரிமலை மாடல் கொண்டு வரச் சொன்னாங்க, நாப்பது பேர்ல பாதிக்கு மேல ஸ்டேஷனரிக் கடைல ரெடியா வாங்குன மாடல், அதுக்குத்தான் பரிசும். என் பிள்ளை களிமண்ல அவளே செஞ்ச கோணல் மலைய பேக்ல திரும்ப எடுத்துட்டு வந்து பேசாம உக்காந்திருந்தா. கோணலா இருந்தா இருக்கட்டும், நீங்க தொடாதீங்க, கடைல வாங்காதீங்க, அந்தப் பிள்ளைகிட்ட இது எப்படி வேல செய்யுதுன்னு மட்டும் கேளுங்க.

எங்க ரூம்ல வருஷத்தோட பெரிய வேல கந்தீல், அதாவது தீபாவளிக்கு வாசல்ல தொங்க விடுற பேப்பர் விளக்குக் கூடு. தீபாவளிக்கு ஒரு மாசம் முன்னாடி ஆரம்பிப்போம். மாஹிம்ல கந்தீல் கல்லின்னே சொல்ற சந்து இருக்கு, அங்க போய் தொங்குறதப் பாத்து, எது மூங்கில் சீவல், எது அட்டை, முடிச்சு எங்க, எந்த எடத்துல முக்கோணம்னு வரைஞ்சுட்டு வருவாங்க. தெர்மகோல் அலங்காரமும் தடைல இருக்கறதால மூங்கில், பட்டக் காயிதம், நூல், பசை, இவ்ளோதான் சாமான். யாருக்கு, எங்க தொங்கப் போகுதுன்னு மொதல்ல கேப்பேன். ஒருத்தன் வீட்ல கதவுக்கு வெளிய மூணடி சந்து, தலை இடிக்கும், அதனால அவன் தட்டையா செவுத்துல ஒட்டி நிக்கிற கந்தீல் செஞ்சான். ஒரு பொண்ணு மாடி வாசல், காத்து ஜாஸ்தி, அவ வால் பேப்பர குட்டையா வெட்டி கீழ ஒரு சின்னக் கல்லக் கட்டுனா. டெஸ்ட் மூணு, டேபிள் ஃபேன் முன்னாடி அஞ்சு நிமிஷம், நூலப் புடிச்சு பத்துத் தடவ ஆட்டணும், உள்ள எல்ஈடி விளக்கு வச்சா வெளிச்சம் எல்லாப் பக்கமும் வரணும். குண்டு பல்பு வைக்க விட மாட்டேன், சூட்டுல பேப்பர் கருகிரும். கிறிஸ்தவப் பிள்ளைங்க அதே ஃப்ரேம டிசம்பர்ல ஸ்டாரா மாத்திருவாங்க, மூங்கில் வீணாகாது.

இந்த வருஷம் மொத டெஸ்ட்ல பன்னெண்டுல எட்டு கிழிஞ்சுது. இந்த சனிக்கிழமை ரெண்டாவது ரவுண்டு, மூங்கில் வாங்கிட்டேன், பட்டக் காயிதம் இன்னும் பத்து ஷீட் வேணும்.